பட்டியல் போடும் ஆங்கில வசனத்தில் ‘இஸ்’ எங்கே, ‘ஆர்’ எங்கே

“மேசையில பேனையும் கொப்பியும் குடையும் கிடக்கு.” திருகோணமலையில் வீட்டுப் பேச்சில் இப்படித்தான் சொல்வோம். பொருள் மூன்று, வினை ‘கிடக்கு’. பேனை ஒன்று மட்டும் இருந்தாலும் ‘கிடக்கு’தான். எழுதும்போது ‘கிடக்கின்றன’ என்று மாற்றிக்கொள்கிறோம். வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆங்கிலத்தில் பொருள்களை அடுக்கும்போது ‘ஆர்’ வரவேண்டிய இடத்தில் ‘இஸ்’ வந்து விழுவதற்கு முதற்காரணம் இதுதான்.

ஆட்களை அடுக்கும்போது இந்தப் பிழை குறைவு. “தம்பியும் தங்கச்சியும் வந்திருக்கினம்” என்றாலும் “வந்திருக்காங்க” என்றாலும் பேச்சிலேயே பன்மை இருக்கிறது. அதனால் ‘மை பிரதர் அண்ட் சிஸ்டர் ஹேவ் கம்’ என்று சரியாக எழுதும் அதே பிள்ளை, அடுத்த வரியில் ‘மை பேக் அண்ட் அம்ப்ரெல்லா இஸ் இன் த பஸ்’ என்று எழுதிவிடும். உயர்திணையில் சரி, அஃறிணையில் பிழை. விதி தெரியாததால் வருவதல்ல இது. தமிழ்ப் பேச்சின் வினை கூடவே வந்துவிடுகிறது. ஆகவே ஆங்கிலத்தில் பொருள், இடம், விலை, சாப்பாடு ஆகியவற்றை அடுக்கும் வசனங்களை மட்டும் தனியாக ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது காரணம் வினை நிற்கும் இடம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. எத்தனை பொருள் சொன்னோம் என்று தெரிந்த பிறகுதான் அதைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’ என்று தொடங்கினால், பட்டியலில் ஒரு பொருளும் வாயைவிட்டு வருமுன்பே ஒருமையா பன்மையா என்று முடிவெடுத்தாக வேண்டும். பட்டியலை மனதில் முடித்துவிட்டு வாயைத் திறப்பதே இதற்கு மருந்து.

இங்கே ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டு வாசியுங்கள். சரியான வடிவம் காதில் பதிந்தால்தான் எழுதும்போது கை தானாகப் போகும்.

முதலில் ‘எஸ்’ குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ வந்தால் பன்மை: ‘போட்’ ஒன்று, ‘போட்ஸ்’ பல. வினைச்சொல்லில் நேர் எதிர்: ‘எஸ்’ வந்தால் ஒருமை. ‘த பஸ் கோஸ் டு மூதூர்’, ‘த பஸஸ் கோ டு மூதூர்’. பெயரும் வினையும் ஒரே வசனத்தில் இரண்டு ‘எஸ்’ வாங்குவது அபூர்வம். அப்படி இரண்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள். ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ்’, ‘டஸ்’ நான்கும் ‘ஸ்’ ஓசையில் முடிகின்றன, நான்கும் ஒருமை. ‘ஆர்’, ‘வேர்’, ‘ஹேவ்’, ‘டூ’ நான்கும் பன்மை. பட்டியல் வசனத்தில் எந்த வினை வந்தாலும் இந்த இரண்டு கூட்டத்தில் ஒன்றைத் தேர்வதுதான் வேலை.

அடிப்படை விதி சின்னது. எழுவாயில் இரண்டோ அதற்கு மேலோ பொருள்கள் ‘அண்ட்’ கொண்டு சேர்ந்தால் வினை பன்மை. ‘த பஸ் அண்ட் த வேன் கோ டு மூதூர்.’ பஸ் ஒன்று, வேன் ஒன்று, ஆனால் சேர்த்தால் இரண்டு. ஆகவே ‘கோஸ்’ அல்ல, ‘கோ’. ‘கோணேஸ்வரம் அண்ட் ஃபோர்ட் ஃப்ரெடரிக் ஆர் ஆன் த சேம் ஹெட்லண்ட்.’ இடங்களின் பெயர்களுக்கும் இதே கணக்கு.

எண்ண முடியாத பெயர்கள் வரும்போது பலர் தடுமாறுகிறார்கள். அரிசி, சீனி, உப்பு ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் எப்போதும் ஒருமை: ‘த ரைஸ் இஸ்’, ‘த ஷுகர் இஸ்’, ‘த சோல்ட் இஸ்’. அதைப் பாடமாக்கிய பிள்ளை மூன்றையும் அடுக்கும்போதும் ‘இஸ்’ போடுகிறது. பிழை. ‘த ரைஸ், த ஷுகர் அண்ட் த சோல்ட் ஆர் இன் த கிச்சன்’ என்பதே சரி. எண்ண முடியாதது மூன்று வகை சேர்ந்தால் மூன்று வகையை எண்ணலாம் அல்லவா? அதனால் பன்மை.

இனி வேலை முறை. ஒரு வசனத்தில் சந்தேகம் வந்தால் இந்த ஒழுங்கில் போங்கள்.

முதலில் வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். பிறகு அந்த வினையை வைத்து ‘எது?’ அல்லது ‘யார்?’ என்று கேளுங்கள். வரும் பதில்தான் எழுவாய். அந்த எழுவாயில் ‘ஒஃப்’, ‘வித்’, ‘இன்’, ‘ஃப்ரொம்’ போன்ற சொல் இருந்தால் அந்தச் சொல்லிலிருந்து வினை வரைக்கும் உள்ளதைப் பென்சிலால் வெட்டிவிடுங்கள். மிச்சத்தில் என்ன இணைப்புச்சொல் இருக்கிறது என்று பாருங்கள்: ‘அண்ட்’ ஆ, ‘ஓர்’ ஆ, ‘நோர்’ ஆ. கடைசியாக முழு எழுவாயையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இட்’ அல்லது ‘தே’ போட்டு வாசியுங்கள். ‘தே’ பொருந்தினால் ‘ஆர்’. ‘இட்’ பொருந்தினால் ‘இஸ்’. தமிழில் இதற்குச் சமமான சோதனை ‘அது’வா ‘அவை’யா என்பது. பேச்சில் ‘அவை’ என்று சொல்லும் பழக்கம் விட்டுப்போனதால் எழுத்துத் தமிழில் நினைத்துப் பாருங்கள்.

இவற்றில் வெட்டும் படியைத்தான் அநேகர் தாண்டிப் போகிறார்கள். சந்தைப் பேச்சிலிருந்து ஓர் உதாரணம்: சூரை, இறால், கணவாய் விலை கூடிவிட்டது. ஆங்கிலத்தில் ‘த பிரைஸ் ஒஃப் டூனா, ப்ரோன்ஸ் அண்ட் ஸ்க்விட் ஹேவ் கோன் அப்’ என்று எழுதினால் காதுக்குச் சரிபோலத்தான் இருக்கும். மூன்று மீன் பெயர், நடுவில் ‘அண்ட்’ வேறு. ஆனால் கூடியது எது? மீனா? விலை. ‘ஒஃப்’ தொடங்கி ‘ஸ்க்விட்’ வரை வெட்டினால் மிஞ்சுவது ‘த பிரைஸ்’. அது ஒருமை. ஆகவே ‘த பிரைஸ் ஒஃப் டூனா, ப்ரோன்ஸ் அண்ட் ஸ்க்விட் ஹேஸ் கோன் அப்.’ மூன்றுக்கும் தனித்தனி விலை என்பதைக் காட்ட விரும்பினால் பெயர்ச்சொல்லையே பன்மையாக்குங்கள்: ‘த பிரைஸஸ் ஒஃப் டூனா, ப்ரோன்ஸ் அண்ட் ஸ்க்விட் ஹேவ் கோன் அப்.’ இரண்டும் சரி. ‘பிரைஸ் … ஹேவ்’ மட்டும் பிழை.

விடுதி வைத்திருப்பவர்கள், அலுவலகத்தில் கடிதம் எழுதுபவர்கள் இதே வலையில் விழும் சொற்கள் இன்னும் சில உண்டு. ‘லிஸ்ட்’, ‘செட்’, ‘கொப்பி’, ‘கொலிட்டி’, ‘கொஸ்ட்’, ‘யூஸ்’. ‘த லிஸ்ட் ஒஃப் கெஸ்ட்ஸ், ரூம்ஸ் அண்ட் பேமன்ட்ஸ் இஸ் ஆன் த டெஸ்க்.’ மேசையில் இருப்பது பட்டியல், விருந்தினர்கள் அல்ல. ‘த கொஸ்ட் ஒஃப் த போட், த மாஸ்க் அண்ட் த லஞ்ச் இஸ் இன்க்ளூடட்.’ செலவு ஒன்று. இந்த ஆறு சொற்களையும் ஒரு துண்டில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தால் பயன் உண்டு. வசனத்தின் தொடக்கத்தில் அவற்றில் ஒன்று வந்து பின்னால் ‘ஒஃப்’ நின்றால், பட்டியல் எவ்வளவு நீண்டாலும் வினை அந்த முதற்சொல்லுக்குத்தான் கட்டுப்படும்.

‘ஒன் ஒஃப் த’ வருவதும் இந்தக் குடும்பம்தான். கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ‘த செவன் ஹொட் வெல்ஸ் ஆர் க்ளோஸ் டு ஈச் அதர்.’ ஏழில் ஒன்றைப் பற்றிப் பேசினால் ‘ஒன் ஒஃப் த செவன் வெல்ஸ் இஸ் வெரி ஹொட்.’ இங்கே இரண்டு இடங்களில் பிழை வரலாம். ‘வெல்’ என்று ஒருமையில் எழுதுவது ஒன்று. ‘வெல்ஸ்’ என்று சரியாக எழுதிவிட்டு அதைப் பார்த்து ‘ஆர்’ போடுவது மற்றது. பெயர் பன்மை, வினை ஒருமை. இதை ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள்.

‘உடன்’ என்ற தமிழ் உருபு தரும் தொல்லை தனி. “ஆசிரியருடன் பத்துப் பிள்ளைகள் கன்னியாவில் நிற்கினம்” என்று சொல்லும்போது எல்லோரையும் சேர்த்தே வினை வருகிறது. ஆங்கிலத்தில் ‘வித்’, ‘அலோங் வித்’, ‘டுகெதர் வித்’, ‘அஸ் வெல் அஸ்’, ‘இன் அடிஷன் டு’, ‘இன்க்ளூடிங்’ ஆகியவற்றுக்குச் சேர்க்கும் சக்தி கிடையாது. அவை பக்கத்தில் வந்து நிற்பவரைக் காட்டும்; எழுவாயின் எண்ணிக்கையைக் கூட்டாது. ‘த டீச்சர், அலோங் வித் டென் சில்ட்ரன், இஸ் அட் கன்னியா.’ பத்துப் பேர் கூட வந்தாலும் எழுவாய் ஆசிரியர் ஒருவரே. ‘த ஓனர், அஸ் வெல் அஸ் த டூ கைட்ஸ், ஸ்பீக்ஸ் தமிழ்.’ ‘ஸ்பீக்’ அல்ல.

இந்தச் சொற்களுக்கு முன்னும் பின்னும் வரும் இரண்டு காற்புள்ளிகளைப் பிடிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். பிடித்துத் தூக்கினால் நடுப்பகுதி வெளியே வந்துவிடும்: ‘த ஓனர் ஸ்பீக்ஸ் தமிழ்.’ ஆசிரியர் வசனத்தில் ‘இஸ்’ காதுக்கு உறுத்தினால், பத்துப் பேரும் முக்கியம் என்று உங்களுக்குத் தோன்றினால், ‘அண்ட்’ போட்டுவிடுங்கள்: ‘த டீச்சர் அண்ட் டென் சில்ட்ரன் ஆர் அட் கன்னியா.’ இதுவே நேரான வசனம். ‘அஸ் வெல் அஸ்’ எழுதினால் ஆங்கிலம் அழகாக இருக்கும் என்ற எண்ணத்தில் பலர் அதை இழுத்து வருகிறார்கள். பெரும்பாலான இடங்களில் ‘அண்ட்’ போதும்.

புறாத்தீவு பற்றி எழுதும் சுற்றுலாத் துண்டுகளிலும் இந்தச் சிக்கலைக் காணலாம். அந்தத் தேசியப் பூங்காவில் பெரியது, சிறியது என்று இரண்டு தீவுகள். ‘பிஜன் ஐலண்ட், விச் இன்க்ளூட்ஸ் டூ ஐலண்ட்ஸ், இஸ் எ நேஷனல் பார்க்.’ நடுவில் ‘டூ ஐலண்ட்ஸ்’ என்று வினைக்குப் பக்கத்தில் பன்மை நிற்கிறது. அதைக் கண்டு ‘ஆர்’ எழுதக்கூடாது. 2003இல் தேசியப் பூங்காவானது ஒன்றே.

‘ஓர்’ வந்தால் கணக்கு வேறு. ‘அண்ட்’ கூட்டுகிறது, ‘ஓர்’ தெரிவு செய்யச் சொல்கிறது. இரண்டும் ஒருமை என்றால் வினை ஒருமை: ‘த வேன் ஓர் த பஸ் இஸ் கமிங்.’ வரப்போவது ஒன்றுதானே. ஒன்று ஒருமை, மற்றது பன்மை என்றால் வினைக்குப் பக்கத்தில் நிற்பது எதுவோ அதற்குத்தான் வினை கட்டுப்படும். ‘நைதர் த போட்மேன் நோர் த பாசெஞ்சர்ஸ் வேர் ஹர்ட்.’ இடம் மாற்றினால் ‘நைதர் த பாசெஞ்சர்ஸ் நோர் த போட்மேன் வாஸ் ஹர்ட்.’ இரண்டாவது வசனம் விதிப்படி சரியானாலும் பயணிகள் பலர் இருக்க ‘வாஸ்’ என்று கேட்பது ஒட்டாமல் நிற்கிறது. ஆகவே ஒரு நல்ல பழக்கம்: பன்மையைக் கடைசியில் வையுங்கள். விதியும் நிறைவேறும், காதும் நிறைவேறும்.

கேள்வி வசனத்தில் இதைத் திருப்புங்கள். அங்கே வினை முன்னால் போய்விடுவதால் பக்கத்தில் நிற்பது முதலாவது பெயர். ‘ஆர் த கைட்ஸ் ஓர் த போட்மேன் கமிங்?’ ஆகவே கேள்வியில் பன்மை முதலில். ‘நொட் ஒன்லி … பட் ஒல்ஸோ’வுக்கும் பக்கத்து விதிதான். ‘போத் … அண்ட்’ எப்போதும் பன்மை. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

‘ஐதர் யூ ஓர் ஐ’ வந்தால்? விதி ‘ஐதர் யூ ஓர் ஐ ஆம் ரெஸ்பொன்சிபிள்’ என்கிறது. எழுதினால் யாருக்கும் திருப்தி இராது. ‘ஒன் ஒஃப் அஸ் இஸ் ரெஸ்பொன்சிபிள்’ என்று மாற்றிவிடுங்கள்.

இப்போது ‘தேர் இஸ்’ சிக்கல். படத்தைப் பார்த்து ஐந்து வசனம் எழுதச் சொன்னால், கடற்கரைப் படத்தில் ஒரு படகு, மூன்று மீனவர். பிள்ளை எழுதுவது: ‘தேர் இஸ் எ போட் அண்ட் த்ரீ ஃபிஷர்மென்.’ இது சரியா பிழையா என்பதில் ஆசிரியர்களிடையே ஒரே பதில் கிடைக்காது, அதற்குக் காரணமும் உண்டு. கண்டிப்பான இலக்கணம் இப்படிச் சொல்கிறது: ‘தேர்’ எழுவாய் அல்ல, உண்மை எழுவாய் பின்னால் வரும் பட்டியல் முழுவதும், ‘அண்ட்’ இருப்பதால் பன்மை, ஆகவே ‘தேர் ஆர் எ போட் அண்ட் த்ரீ ஃபிஷர்மென்.’ ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே ‘ஆர் எ போட்’ என்று சொல்லத் தயங்குகிறார்கள். முதலில் வரும் பொருள் ஒருமை என்றால் ‘தேர் இஸ்’ என்று தொடங்குவது பேச்சிலும் நல்ல எழுத்திலும் பரவலாக உண்டு. பேச்சில் கேட்டால் அதைத் திருத்தப் போகாதீர்கள்.

பரீட்சைக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் வாதம் உதவாது. இரு தரப்பும் ஏற்கும் வசனம் வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. பன்மைப் பொருளை முதலில் வைப்பது: ‘தேர் ஆர் த்ரீ ஃபிஷர்மென் அண்ட் எ போட்.’ யாரும் குறை சொல்ல முடியாது. பட்டியலில் எல்லாமே ஒருமை என்றால் ‘தேர்’ஐ விட்டுவிட்டுப் பொருள்களை முன்னால் கொண்டுவருவது: ‘எ நெட் அண்ட் எ பாஸ்கெட் ஆர் இன் த போட்.’ அல்லது வினையையே மாற்றுவது: ‘த ரூம் ஹேஸ் எ பெட், எ டேபிள் அண்ட் டூ செயார்ஸ்.’ இங்கே எழுவாய் ‘த ரூம்’. கட்டிலும் மேசையும் கதிரையும் வினைக்குப் பின்னால் போய்விட்டன. எத்தனை அடுக்கினாலும் ‘ஹேஸ்’ அசையாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் அறைகளை வாடகைக்கு விடுபவர்கள் விளம்பரம் எழுதும்போது இந்த மூன்றாவது வழியே மிகவும் உகந்தது. பட்டியலை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். வினையைத் திருத்த வேண்டியதில்லை.

இடத்தைச் சொல்லித் தொடங்கும் வசனம் இதற்கு உறவு: ‘ஆன் த பீச் வேர் எ போட் அண்ட் டூ நெட்ஸ்.’ எழுவாய் ‘பீச்’ அல்ல. கடற்கரையில் கிடந்தவை படகும் வலைகளும். இந்த அமைப்பில் ‘வேர்’ எழுதுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம், இங்கே விதி அழகாக வளைகிறது. ‘ரைஸ் அண்ட் கரி இஸ் ரெடி.’ ‘அண்ட்’ இருந்தும் ‘இஸ்’. ஏன்? சோறும் கறியும் நமக்கு ஒரு சாப்பாட்டின் பெயர். கடையில் “ஒரு ரைஸ் அண்ட் கறி” என்றுதான் கேட்கிறோம். இரண்டு பொருளாக எண்ணுவதில்லை. ‘பிரெட் அண்ட் பட்டர் இஸ்’, ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ் இஸ்’, விடுதிப் பலகையில் வரும் ‘பெட் அண்ட் பிரெக்ஃபாஸ்ட் இஸ்’ எல்லாம் இதே இனம். ஆனால் சமையலறையில் நின்று, சோறு ஒரு பானையில், கறி ஒரு சட்டியில் என்று சொல்ல வந்தால் ‘த ரைஸ் அண்ட் த கரி ஆர் இன் செப்பரேட் பொட்ஸ்.’ பெயருக்கு முன்னால் ‘த’ இரண்டு முறை வந்துவிட்டதைப் பாருங்கள். அந்த இரண்டாவது ‘த’ இவை வேறு வேறு என்று அறிவிக்கிறது.

ஆட்களிலும் அதே ‘த’ வேலை செய்கிறது. கோயில் நிர்வாகக் கூட்ட அறிக்கையில் ‘த செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர் ஹேஸ் சைன்ட்’ என்றால் இரண்டு பதவியும் வகிப்பவர் ஒருவர். ‘த செக்ரட்டரி அண்ட் த ட்ரெஷரர் ஹேவ் சைன்ட்’ என்றால் இருவர் கையொப்பமிட்டார்கள். காசு சம்பந்தமான கடிதத்தில் இந்த ஒரு சிறு சொல் யார் பொறுப்பு என்பதையே மாற்றிவிடும்; கவனமாக எழுதுங்கள். நிறம் சொல்லும்போதும் அப்படியே: ‘எ ப்ளூ அண்ட் வைட் போட் இஸ்’ என்பது இரண்டு நிறம் பூசிய ஒரு படகு, ‘எ ப்ளூ அண்ட் எ வைட் போட் ஆர்’ என்பது இரண்டு படகுகள். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பகுதியையும் வெளிப்பகுதியையும் சேர்த்துச் சொல்ல ‘த இன்னர் அண்ட் அவுட்டர் ஹார்பர்ஸ் ஆர்’ என்று பெயரைப் பன்மையாக்கலாம், அல்லது ‘த இன்னர் ஹார்பர் அண்ட் த அவுட்டர் ஹார்பர் ஆர்’ என்று விரிக்கலாம்.

‘எவ்ரி’, ‘ஈச்’ பட்டியலின் முன்னால் நின்றால் ஒருமை. தமிழிலும் “ஒவ்வொரு படகும் ஒவ்வொரு வலையும் சோதிக்கப்பட்டது” என்று ஒருமையிலேயே முடிக்கிறோம், ஆகவே இதில் நமக்குச் சிரமம் இல்லை: ‘எவ்ரி போட் அண்ட் எவ்ரி நெட் வாஸ் செக்ட்.’ ஆனால் ‘ஈச்’ பட்டியலுக்குப் பின்னால் போனால் சக்தி இழக்கிறது: ‘த போட் அண்ட் த வேன் ஈச் ஹேவ் டென் சீட்ஸ்.’ எழுவாய் ஏற்கெனவே பன்மையாகிவிட்டது. பின்னால் வரும் ‘ஈச்’ அதை மாற்றாது.

அளவும் தொகையும் ஒரே மொத்தமாக நினைக்கப்பட்டால் ஒருமை. ‘டூ கிலோஸ் ஒஃப் ப்ரோன்ஸ் இஸ் இனஃப்.’ ‘டூ தவுசண்ட் ருபீஸ் இஸ் டூ மச் ஃபோர் எ த்ரீவீலர்.’ தாள்களை எண்ணவில்லை, தொகையைச் சொல்கிறோம். ‘எ நம்பர் ஒஃப் டூரிஸ்ட்ஸ் ஆர்’ பன்மை, ‘த நம்பர் ஒஃப் டூரிஸ்ட்ஸ் இஸ்’ ஒருமை. முன்னது ‘பலர்’, பின்னது ‘எண்ணிக்கை’.

‘ஐஎன்ஜி’ சேர்ந்த செயல்களை அடுக்கினால் பன்மை: ‘ஸ்விம்மிங், ஸ்நோர்க்கலிங் அண்ட் டைவிங் ஆர் பாப்புலர் அட் நிலாவெளி.’ ஆனால் இரண்டு செயலும் ஒரே வேலையின் பகுதிகள் என்றால் ஒருமை வரலாம்: ‘பேக்கிங் அண்ட் லேபலிங் த ட்ரைட் ஃபிஷ் டேக்ஸ் டூ அவர்ஸ்.’ கருவாட்டைப் பொதி செய்து பெயர் ஒட்டுவது ஒரே மூச்சில் நடக்கும் வேலை என்ற எண்ணம் இதில் இருக்கிறது.

அறிவித்தல் எழுதுவோருக்கு இன்னும் ஒன்று. வினைக்குப் பின்னால் வரும் பட்டியல் வினையைத் தீர்மானிப்பதில்லை. ‘த மெய்ன் அட்ராக்‌ஷன் இஸ் த டெம்பிள், த ஃபோர்ட் அண்ட் த ஹொட் வெல்ஸ்’ என்பதில் எழுவாய் ‘அட்ராக்‌ஷன்’, ஆகவே ‘இஸ்’. இலக்கணம் பிழையில்லை, ஆனால் ஒன்று என்று தொடங்கி மூன்றைச் சொல்வது வாசகரைத் தடுக்கி விழச் செய்கிறது. ‘த மெய்ன் அட்ராக்‌ஷன்ஸ் ஆர்’ என்று தொடங்குங்கள். அதேபோல, ஆவணங்களைக் கேட்கும் அறிவித்தலில் ‘த ஃபாலோவிங் டொக்யுமென்ட்ஸ் ஆர் ரிக்வயர்ட்’ என்று எழுதிப் புள்ளியிட்டு, கீழே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இரண்டு படங்கள் என்று அடுக்குங்கள். ‘த ஃபாலோவிங் டொக்யுமென்ட் இஸ்’ என்று எழுதிக் கீழே நான்கைக் கேட்கும் அறிவித்தல்கள் அநேகம். முதலில் ஒரு ஆவணம் மட்டும் கேட்ட பழைய அறிவித்தலில் புதியவற்றைச் சேர்க்கும்போது தலைவரியைத் திருத்த மறப்பதால் இது நடக்கிறது. பட்டியலைத் தொட்டால் தலைவரியையும் தொடுங்கள்.

கை பழக இவற்றைச் செய்து பாருங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

‘த கீ, த டோர்ச் அண்ட் த மாஸ்க் — இன் த பேக்.’ ஆர்; மூன்று பொருள், ‘அண்ட்’.

‘த கொலிட்டி ஒஃப் த ரூம்ஸ் அண்ட் த ஃபூட் — குட்.’ இஸ், ‘ஒஃப்’ முதல் வெட்டுங்கள்.

‘மை அங்கிள், டுகெதர் வித் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ், — எ போட்.’ ஹேஸ், காற்புள்ளிகளைப் பிடித்துத் தூக்குங்கள்.

‘நைதர் த டிரைவர் நோர் த பாசெஞ்சர்ஸ் — த ரோட்.’ நோ, அதாவது அறிதலைக் குறிக்கும் வினை, ‘எஸ்’ இல்லாமல். வினைக்குப் பக்கத்தில் பயணிகள்.

‘தேர் — டூ டியர் அண்ட் எ மங்கி நியர் த ஃபோர்ட்.’ ஆர். கோட்டைப் பக்கம் திரியும் மான்களைப் பற்றி எழுதும்போது ஒரு சங்கடம்: ‘டியர்’ ஒன்றென்றாலும் பலவென்றாலும் ‘எஸ்’ வாங்காது. பெயரைப் பார்த்து எண்ணிக்கை தெரியாது; முன்னால் நிற்கும் ‘டூ’தான் சாட்சி. ‘ஃபிஷ்’, ‘ஷீப்’ இரண்டும் இப்படியே. ‘த டியர் இஸ்’ என்றால் ஒன்று, ‘த டியர் ஆர்’ என்றால் பல. இங்கே வாசகருக்கு எண்ணிக்கையைச் சொல்வதே நீங்கள் எழுதும் வினைதான்.